பரவாயில்லை என்று மட்டும் எழுதாதே

அன்புள்ள பெரிசுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் இங்கே நலம், நீ அங்கே எப்படி என்று கேட்டுவிட்டு மற்றதை ஆரம்பிப்பதுதான் முறை, ஆனால் அந்த 'நலம்' என்ற இடத்திலேயே பேனா நின்று மூன்று நிமிஷம் ஆகிறது, யார் எவ்வளவு நலம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. பயப்படாதே, படுத்த படுக்கையாக யாரும் இல்லை. அம்மாவின் இருமல் விட்டுவிட்டது. என் இடுப்பு குனிந்தால் நிமிர மாட்டேன் என்கிறது, நிமிர்ந்தால் குனிய மாட்டேன் என்கிறது, அது பழைய கதை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உன் கட்டிடத்து லிஃப்ட் கதவு இன்னும் இரண்டு தட்டுத் தட்டினால்தான் மூடுகிறதா என்றெல்லாம் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். இதைப் போனில் கேட்க முடியாது. நான் பாதி சொல்வதற்குள் நீ 'பரவாயில்லப்பா' என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான். இன்று புதன்கிழமை, இப்போது ஒரு பதினோரு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், லிஃப்டின் இயந்திர அறையில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுதான் பழைய கம்பிக் கயிற்றைக் கழற்றிப் புதியது மாட்டினோம், இன்று முழுக்க ஆள் ஏற்றாமல் மேலும் கீழுமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். லிஃப்ட் பெட்டி கீழே போய்த் திரும்பி வருவதற்குள் நாலு வரி எழுதலாம். கையெழுத்து ஆடியிருந்தால் அது தரை அதிர்வு, அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயம் உன் தங்கையின் முழங்கால். போன வருஷம் வாலிபால் போட்டியில் வலைக்கு மேலே எழும்பிப் பந்தைத் தடுத்துவிட்டுத் தரைக்கு வரும்போது வாலுவின் கால் மடங்கியது, உள்ளே தசைநார் அறுந்தது, ஆபரேஷன், ஊன்றுகோல் எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். பத்து மாதம் ஓடிவிட்டது. இப்போது நடக்கிறாள், படி ஏறுகிறாள், பஸ்ஸைப் பிடிக்கக் கொஞ்சம் ஓடவும் செய்கிறாள். இந்தத் திங்கட்கிழமை அவளுடைய கோச், நம் வீட்டில் விசிலம்மா என்போமே அந்த அம்மாள்தான், அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம், வாலு திரும்பி வருவதென்றால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். வாங்கிப் பார்த்தேன். காயத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளை மீண்டும் விளையாட முழு மனதுடன் சம்மதிக்கிறோம், சம்மதிக்கவில்லை, வேண்டாததை அடித்துவிடவும் என்று போட்டிருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ நீச்சலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அதே விளையாட்டு மன்றம் உனக்காகக் கொடுத்தனுப்பிய அதே தாள், ஓரத்தில் இருக்கிற அச்சுப்பிழைகூட மாறவில்லை. முழு மனதாம். முழு மனதோடு எந்த அப்பன் எதற்குச் சம்மதித்திருக்கிறான், நீயே சொல்லு.

ஆனாலும் இந்த முறை சம்மதிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அது ஏன் 'இந்த முறை' என்று எழுதினேன் என்று கேட்காதே, அதைப் பிறகு பார்க்கலாம். தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். பேனாவை எடுத்துக்கொண்டு போகிறேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். நேற்று மட்டும் ஏழு தடவை தண்ணீர் குடித்தேன். பாத்திரங்களை வைக்கிற சத்தத்தில் அம்மாவின் கருத்து கேட்கிறது. திங்கட்கிழமை சாயங்காலமே உன் சின்ன மாமா வந்திருந்தார். இந்த வயதில் விட்டால் பிறகு எந்த வயதில், நானெல்லாம் அந்தக் காலத்தில் எப்படி எழும்புவேன் தெரியுமா என்று ஹாலில் எழும்பிக் காட்டி டியூப்லைட்டைத் தட்டிவிட்டார். அது இரண்டு நாளாகக் கண்சிமிட்டிக்கொண்டிருக்கிறது. வாலு சிரித்தாள், ஆனால் மாமா எழும்பியதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர் தரைக்கு வந்து நின்ற பிறகுதான் சிரித்தாள். எதற்கு இதை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் வாலுவைப் பிசியோவிடம் கூட்டிப் போனேன். பழைய ஆள் மாற்றலாகிப் போய்விட்டார், இப்போது வந்திருப்பது புதுப் பெண், நல்ல பெண், கை சுத்தம், பேச்சு சுத்தம். காலை மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள், ஒரு சின்னப் பெட்டிமேல் ஏறி நின்று கீழே குதிக்கச் சொன்னாள். குதித்ததும் வலி இருக்கிறதா என்று கேட்டாள். வாலு பரவாயில்லை என்றாள். அந்தப் பெண் குனிந்து அட்டையில் வலி இல்லை என்று எழுதிக்கொண்டாள். பெரிசு, அந்தப் பெண்மேல் தப்பில்லை, ஊரில் எல்லோருக்கும் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கார் கதவில் உன் விரல் நசுங்கி நகம் கறுத்துப் போனபோது நீ சொன்னது பரவாயில்லை. குக்கர் ஆவி அடித்து அம்மாவின் முழங்கை வரைக்கும் கொப்புளம் கிளம்பியபோது அவள் சொன்னது பரவாயில்லை. கரண்ட் என்னைத் தூக்கிப் பின்சுவரில் அடித்தபோது கூட வேலை பார்த்தவன் ஓடி வந்து கேட்டதற்கு நான் சொன்னது என்ன என்று உனக்கே தெரியும். இந்த வீட்டில் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்போம், வலித்தால்தான் பரவாயில்லை என்போம். அந்த அட்டையில் அவள் எழுதியதை நான் பார்த்தேன். அம்மா தாயே, அது அப்படியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும், ஆடினால் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொரு கூத்து கேள். அவளுடைய பந்து பத்து மாதமாகக் கட்டிலுக்குக் கீழே கிடந்து காற்றிறங்கிப் போயிருந்தது. தாள் வந்த அன்றைக்கே துடைத்துக் காற்றடித்து அவள் மேஜைமேல் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் தொளதொள. மறுபடி அடித்தேன், மறுநாள் மறுபடி தொளதொள. வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. ஊசி போகிற இடத்தில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் பார்க்கிறவனுக்கு ஒரு பந்தில் காற்று எங்கே போகிறது என்று தெரியவில்லை பார். இன்று காலை மூன்றாவது தடவையாக அடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பெட்டி வந்துவிட்டது, மீதியை வீட்டில் எழுதுகிறேன்.

வியாழன் சாயங்காலம், சமையலறை மேஜை. பேனா மாறியிருக்கிறது, மை நீலம். மேலே எழுதியிருக்கிற பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன், அம்மா வேண்டாம் என்றாள், உன் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்று அதிலேயே இருக்கிறதாம், அப்படியே போகட்டுமாம். இன்று காலை எழுந்து பார்த்தால் பந்து மறுபடி தொளதொளவென்று கிடந்தது. எனக்கு வந்ததே கோபம். வாலு பள்ளிக்கூடம் போயிருந்தாள். பந்தை எடுத்து வந்து இந்த மேஜைமேல் வைத்து, சோப்புத் தண்ணீர் கலக்கி, தையல் தையலாகத் தடவிக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வாலுவின் அறைக்குப் போய் அவளுடைய பழைய பேனாப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். பென்சில், அழிப்பான், அதோடு காற்றடிக்கிற ஊசி. பம்போடு இருக்க வேண்டிய ஊசி. "ஓட்டை பந்துல இல்லைங்க" என்றாள் அம்மா.

நான் தினமும் காலையில் அடிக்கிறேன், அவள் தினமும் ராத்திரி அந்த ஊசியைக் குத்திக் காற்றை எடுத்துவிட்டு ஊசியைத் திருப்பி வைத்துவிடுகிறாள், நேற்று மட்டும் வைக்க மறந்திருக்கிறாள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடா இது, ஊமைப்படம் ஓடுகிற கொட்டகையா. எனக்குப் புரியவில்லை, அவளுக்கு விளையாட இஷ்டமில்லையென்றால் சொல்ல வேண்டியதுதானே, நான் என்ன கழுத்தைப் பிடித்தா தள்ளுகிறேன் என்று கத்தினேன். அதற்குத்தான் உன் அம்மா அதைச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றினால் அவளே படித்துத் திருத்துவாள். "பெரியவளுக்குப் போடாத கையெழுத்தச் சின்னவளுக்குப் போடப் பாக்கறீங்க. அவ கால யாரு பாத்தா?" உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே நான் வேலைக்கு எடுத்துப் போகிற சாமான் பையைத் துவைக்க எடுத்தபோது பார்த்தாளாம், பார்த்துவிட்டுத் துவைக்காமல் அப்படியே வைத்துவிட்டாளாம்.

அவள் என்ன பார்த்தாள் என்று உனக்குத் தெரியாது பெரிசு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், சுற்றி வளைத்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறேன். உனக்கு அப்போது பதினேழு. நீச்சல் குளத்தில் திரும்பும்போது தோள் நழுவி, தண்ணீரிலிருந்து உன்னைத் தூக்கி வெளியே போட்டார்கள், டாக்டர் தோள் மூட்டைப் பிடித்து உள்ளே தள்ளினார். நான் பக்கத்தில் நின்றேன். நீ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது நான் தாங்கியிருப்பேன், நீ என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாய். ஆறு மாதம் கழித்துத் தோள் சரியாகி, டாக்டரும் போகலாம் என்று சொல்லி, மன்றத்திலிருந்து அந்தத் தாள் வந்தது. என்னிடம் நீட்டினாய். நான் பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் நாய்க்குட்டி இருந்தால் அதற்குக்கூடத் தெரியும். மறுநாள் கேட்டாய், பார்க்கலாம் என்றேன். கடைசி நாளன்று கேட்டாய், தாள் எங்கேயோ மாட்டிக்கொண்டது, காணவில்லை என்றேன். நீ வீட்டையே கவிழ்த்தாய். பீரோவுக்குப் பின்னால், மெத்தைக்குக் கீழே, பழைய பேப்பர் கட்டு முழுக்க, அந்தத் தோளை வைத்துக்கொண்டு தேடினாய். நானும் உன்னோடு தேடினேன். டார்ச் எடுத்துக்கொண்டு தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் வெளிச்சம் அடித்தேன். தாள் என் சாமான் பையின் உள்ஜேபியில் இருந்தது. நான்தான் வைத்தேன்.

படித்துவிட்டாயா? சரி. பயந்தேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை. படிப்பு கெடும் என்று அப்போது எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன், அதெல்லாம் சும்மா. வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய், நான் தோற்றிருப்பேன், அதனால் சொல்லவில்லை. சாயங்காலம் நீ தேடுவதை நிறுத்திவிட்டு வந்து, நான் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பரவாயில்லப்பா என்றாய். என்னைச் சமாதானம் செய்தாய், என் மகளே. அதன் பிறகு நீ தண்ணீரில் இறங்கவே இல்லை. போன மாதம் உன் புது அறையின் ஜன்னலைப் படம் எடுத்து அனுப்பினாயே, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று. கீழே ஓரத்தில் நீலமாக ஒரு கட்டம் தெரிந்தது. பொடி எழுத்து படிக்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன், நீச்சல் குளம். அன்றையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வாலுவின் தாள் வந்தது, நானும் பேனாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நம் மாடிப்படியில் உட்கார வைத்தேன். பந்தையும் ஊசியையும் நடுவில் வைத்தேன். இன்றைக்கு இந்த வீட்டில் ஒரு வார்த்தைக்குத் தடை, பரவாயில்லை என்று சொன்னால் ஒரு வாரத்துக்குப் பாத்திரம் கழுவ வேண்டும், அதற்குப் பதில் நானும் பார்க்கலாம் என்று சொல்ல மாட்டேன் என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது, உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் சொன்னாள். "எழும்பறதுக்குப் பயமில்லப்பா, கீழ வர்றதுக்குத்தான் பயம். மேல இருக்கறப்பவே கால் மடங்கற சத்தம் கேக்குது." வலிக்கிறதா என்றேன். பெட்டியிலிருந்து குதித்தபோது வலித்தது என்றாள், அப்புறம் நின்றுவிட்டதாம். ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்றேன். எல்லோரும் அவள் திரும்பி வருவாள் என்று இருக்கிறார்களாம், கோச் அவளுடைய பழைய நம்பர் சட்டையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாராம், மாமா டியூப்லைட்டையே உடைக்கப் பார்த்தாராம், நான் வேறு காற்றடித்துக் காற்றடித்து வைக்கிறேனாம். யாரிடம் போய்ச் சொல்வது? அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. "உங்ககிட்ட குடுத்தா எப்படியும் பாக்கலாம்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேம்பா. அக்கா தாள் மாதிரி இதுவும் தொலஞ்சுடும்னு பாத்தேன்."

அப்போது அவளுக்கு எட்டு வயது. நீ தேடியதையும் நான் டார்ச் அடித்ததையும் வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷமும் எனக்கு ஒரு சாமர்த்தியம் இருப்பதாக நினைத்து மனதில் வைத்திருந்திருக்கிறாள், என்றைக்காவது தேவைப்பட்டால் அப்பா தொலைத்துத் தருவார் என்று. தேவைப்பட்ட அன்றைக்குப் பார்த்து அப்பன் திருந்திவிட்டான். சிரிக்கிறதா அழுகிறதா தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்து இருமல் பிடித்துக்கொண்டது. சரி, இனிமேல் விளையாட வேண்டாம், சம்மதிக்கவில்லை என்று எழுதிவிடவா என்று கேட்டேன். அதற்கும் அவள் முகம் விழுந்தது. "இப்ப வேணாம். ஆனா எப்பவுமே வேணாம்னு எழுதிடாதீங்க" என்றாள். இரண்டையும் அடிக்கக் கூடாது, இரண்டையும் விடவும் கூடாது, அப்படி ஒரு தாளை நான் எங்கே போய்த் தேடுவேன். இதை எழுதும்போது தாள் எனக்கு எதிரே ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. நாளைக்குக் கடைசி நாள்.

செவ்வாய்க்கிழமை, விளையாட்டு அரங்குக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சு. அவசர அவசரமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது வழக்கமாக எடுத்துப் போகிற அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். லிஃப்டைப் பழுது பார்த்த பிறகு அதன் கதவில் தொங்கவிட எங்களிடம் மூன்று அட்டை உண்டு. ஓடலாம், ஓடாது, மூன்றாவது அட்டையில் சோதனை ஓட்டம், ஆள் ஏறக் கூடாது. புதுக் கயிறு மாட்டிய லிஃப்டை எவனும் முதல் நாளே ஓடலாம் என்று விடமாட்டான், ஓடாது என்று பூட்டியும் வைக்கமாட்டான். சும்மா ஓட்டுவோம், பிறகு எடைக்கல் வைத்து ஓட்டுவோம், சத்தம் கேட்போம், நிற்கிற இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்போம். இதைத்தானே இத்தனை வருஷமும் செய்கிறேன், என் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அந்த மூன்றாவது அட்டை ஞாபகம் வரவில்லை. தாளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தேன். இரண்டு வரிக்கும் நடுவில், அட்டையில் எழுதுகிற அதே பெரிய எழுத்தில், சோதனை ஓட்டம், பயிற்சி மட்டும், போட்டியில் இறக்கக் கூடாது, மறுபரிசீலனை இவள் சொல்லும்போது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மா போட்டாள். தாளில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது, டாக்டருக்கு இடம் இருக்கிறது, கோச்சுக்கு இடம் இருக்கிறது, கால் யாருடையதோ அவளுக்கு மட்டும் இடமே இல்லை. ஓரத்தில் அந்த அச்சுப்பிழைக்குக் கீழே வாலுவும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போகிற வழியில் பிசியோவிடம் நின்று, அந்த அட்டையில் வலி இல்லை என்று எழுதியிருப்பதை அடிக்கச் சொன்னேன், எங்கள் வீட்டுப் பாஷையில் அதற்கு வேறு அர்த்தம், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் அடித்து எழுதினாள், இனிமேல் ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் கேட்கிறேன் என்றாள். விசிலம்மா தாளை இரண்டு தடவை படித்தார். இப்படியெல்லாம் எழுதக் கூடாது, இது படிவம் என்றார். படிவம் தப்பு என்றேன். முறைத்தார். நானும் முறைத்தேன். கடைசியில், இந்த அணிக்கு இவள் பெயரைச் சேர்க்க முடியாது, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வந்து மெத்தைமேல் தரையிறங்கப் பழகட்டும், மற்றதை அவள் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அணியில் இடம் போய்விட்டது பெரிசு. வாலு வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க அழுதாள். அழுதுகொண்டே, இதுதான் வேணும் என்றாள். அந்த நம்பர் சட்டை வேறு பெண்ணுக்குப் போய்விட்டது. நான் செய்தது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததுபோல் உனக்கு எழுத மாட்டேன்.

இன்று முதல் நாள். உள்ளே போய்ப் பார்க்கக் கூடாது என்று வாலு உத்தரவு போட்டிருக்கிறாள், நான் பார்த்தால் அவளுக்குக் கால் நடுங்குமாம். அதனால் இந்தப் பெஞ்சு. சுவருக்கு அந்தப் பக்கம் தொப், தொப் என்று கேட்கிறது. எது அவள் கால், எது மற்றவர்கள் கால் என்று தெரியவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து நிற்கிறேன், உட்காருகிறேன், இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்துவிட்டேன். இப்போது ஒரு நிமிஷமாகச் சத்தமே இல்லை. இரு.

வந்துவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, பயிற்சி முடிந்துவிட்டதாம். பதினான்கு தடவை குதித்தாளாம், இரண்டு தடவை பயந்து பாதியில் நின்றுவிட்டாளாம். எப்படி இருக்கிறது என்றேன். "வலிக்குதுப்பா" என்றாள். எவ்வளவு என்றேன், மூன்று என்றாள். இந்த வீட்டில் பிறந்த ஒருத்தி வலிக்கிற நேரத்திலேயே வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்லி இன்றைக்குத்தான் கேட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருக்கிறாள், நான் யாருக்கு எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள், உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்கிறாள்.

இந்த உறைக்குள் இன்னொரு தாள் இருக்கும், நாலாக மடித்தது, மடிப்பில் கிரீஸ் கறை. எது என்று உனக்குத் தெரியும். எட்டு வருஷமாக எத்தனையோ கட்டிடத்தில் என்னோடு மேலும் கீழும் போய்வந்திருக்கிறது. கையெழுத்துப் போடாமலேயே அனுப்புகிறேன். இப்போது போட்டால் அது எனக்காகப் போட்டதாகிவிடும். கிழித்துப் போடுவதோ வைத்துக்கொள்வதோ உன் இஷ்டம். அந்த நீலக் குளத்தில் இறங்கு என்று நான் சொல்ல மாட்டேன், இறங்காதே என்றும் சொல்ல மாட்டேன், அந்த யோக்கியதை எனக்கு அன்றைக்கே போய்விட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் நான் தரையில் உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னாயே, அது ஊர்ப் பரவாயில்லையா, நம் வீட்டுப் பரவாயில்லையா? எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் உன் கையால் எழுதி வர வேண்டும். எண்ணாக எழுதினாலும் சரி, பத்து என்று எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன் தோளும் மனதும் ஒரு குறையும் இல்லாமல், நீ நினைத்ததெல்லாம் உனக்கு நடந்து, நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். அந்த லிஃப்ட் கதவை நீயாகக் கையால் இழுத்து மூடாதே, சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடு. தாமதமானாலும் பதில் போடு. என்ன வேண்டுமானாலும் எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பரவாயில்லை என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னோடு சேர்ந்து தேடிய
உன் அப்பா